ஒருபால் விவாகமும் ஐந்து நீதிபதிகளும்

கேள்வி: ஒருபால் விவாகத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தபோது நீதிபதிகளுக்குள் அபிப்பிராய பேதம் இருந்ததாமே, எதில்?

பதில்: விவாகம் அரசியல் சாசனம் அளித்த அடிப்படை உரிமையன்று என்பதிலும், 1954-ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டத்தை நியாயஸ்தலமே திருத்தி எழுதுவதற்கில்லை என்பதிலும், 2023 அக்டோபர் 17 அன்று ஐவரும் ஏகமனதாகவே நின்றார்கள். விவாகம் என்ற பெயர் இல்லாவிடினும் சேர்ந்து வாழும் இருவரின் பந்தத்தை அங்கீகரிக்கும் கடமை அரசாங்கத்துக்கு உண்டென்று அப்போதைய பிரதம நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கௌலும் கருத, அத்தகைய உரிமை சட்டத்தின் வழியாகவே பிறக்க முடியுமென்று பட், கோலி, நரசிம்மா ஆகிய மூவரும் தீர்ப்பளித்தார்கள். 2018-இல் ஒருபால் உறவு குற்றமன்று என்று விதித்த அதே நீதிமன்றம், ஆஸ்பத்திரியில் துணைவருக்காகக் கையெழுத்திடும் பாத்தியதை போன்ற அன்றாடக் காரியங்களைச் சர்க்கார் கமிட்டி ஒன்றின் பரிசீலனைக்கு (கமிட்டிகளின் வேகம் நாம் அறிந்ததே!) விட்டுவிட்டது எனக்குச் சம்மதமில்லை.