பினாங்கு வெயிலும் பிளக்-இன் பேட்டரியும்

நான் புக்கிட் மெர்தாஜாமில் ஓட்டும் பிஎம்டபிள்யூ 330இ, பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட்; பக்கத்துக் கூலிமில் பொருத்தப்பட்ட வண்டி. 2016இல் மலேசியாவில் அறிமுகமான அந்த முதல் தலைமுறை இப்போது பழைய கார் சந்தையில் நிறையக் கிடைக்கிறது. விசாரிக்கிற எல்லாரும் முதலில் கேட்பது, "பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும்ணே?"

பதில் வண்டியை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் பெரிதும் இருக்கிறது. இதன் பேட்டரி 7.6 கிலோவாட் மணி. ஓட்டத்துக்குக் கிடைப்பது 5.7. மீதியை நிறுவனமே காப்பாக ஒதுக்கிவிடுகிறது. அதனால், எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்று முழு மின்கார்க்காரர்கள் சொல்லும் கட்டுப்பாட்டை இதில் அப்படியே பிடித்துத் தொங்க வேண்டாம்.

ஆனால் சின்ன பேட்டரிக்கு வேலை அதிகம். பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் வேலைக்குப் போய்வந்தால் ஒரே நாளில் காலியாகி, இரவில் மறுபடி நிரம்புகிறது. 60 கிலோவாட் மணி பேட்டரி உள்ள மின்காரில், இதே அளவு மின்சாரம் தினமும் செலவானால் ஒரு முழுச் சுற்று முடியப் பத்து நாளாகும். அதோடு நம்மூர் வெப்பம். லித்தியம் செல்லைத் தேய்க்கும் வேதிவினைகள் சூட்டில் வேகமெடுக்கும். முழுதாக நிரம்பிய பேட்டரி வெயிலில் கிடந்தால் இன்னும் மோசம்.

அதனால் வீடு வந்ததும் நான் பிளக்கைச் செருகுவதில்லை. ஓடிவந்த பேட்டரி ஆறட்டும். சாதாரண மூன்று முனை பிளக்கில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் முடிகிற மாதிரி நேரம் வைக்கிறேன். பிளக்கைப் பிடுங்குவதற்கு முன்பே ஏர்கோனைப் போட்டு உள்ளே குளிர வைத்துவிட்டால், அந்த முதல் பெரும் செலவை வீட்டு மின்சாரமே ஏற்கும். நீண்ட விடுமுறைக்குப் போகும்போது பாதி சார்ஜில், நிழலில் நிறுத்துகிறேன்.

மின்சாரத்தை எங்கே செலவழிப்பது என்பதும் முக்கியம். காலையில் பிறையில் ஊர்ந்து நகரும் வரிசைதான் அதற்கு உரிய இடம். எஞ்சின் அங்கே எண்ணெயை வீணாக எரிக்கும். நெடுஞ்சாலையில் 110இல் போனால் காற்றின் எதிர்ப்பே பேட்டரியைத் தின்றுவிடும். ஈப்போ போகும்போது 'சேவ் பேட்டரி' முறையில் வைத்து, நகருக்குள் நுழைந்த பிறகே மின்சாரத்துக்கு மாறுவேன். சிவப்பு விளக்கு தெரிந்ததும் காலை எடுத்து, பிரேக்கை மெதுவாக அழுத்தினால் கொஞ்சம் மின்சாரம் திரும்பக் கிடைக்கும். பேட்டரி நிரம்பியிருக்கும்போது மட்டும் அந்த லாபம் குறைவு.

பழையதை வாங்குகிறவர்கள், மின்சாரத்தில் இன்னும் எவ்வளவு ஓடும் என்று திரையில் காட்டும் கிலோமீட்டரை நம்பிவிடக் கூடாது. முந்தையவர் ஓட்டிய விதத்தைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். முழுதாக சார்ஜ் செய்து, ஏர்கோனுடன் மின்சாரத்தில் மட்டும் நீங்களே ஓட்டிப் பாருங்கள். பட்டறையில் பேட்டரியின் மீதிக் கொள்ளளவை அளக்கச் சொல்லுங்கள். வண்டி உயிர்பெறவே இல்லையென்றால் பெரிய பேட்டரியைக் குறை சொல்லுமுன் 12 வோல்ட் பேட்டரியைச் சோதியுங்கள். நம் வெப்பத்தில் அது சில வருஷங்களிலேயே தளர்ந்துவிடும். மாற்றுவதற்கான செலவும் பெரிய பேட்டரியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.