மூட்டையை எண்ணலாம்

பந்தல்குடிக் கரிசலில், மழையை நம்பி மல்லியும் பருத்தியும் போடுகிற வீட்டில் பிறந்தவள் நான். விளைந்தது அருப்புக்கோட்டை கமிஷன் கடைக்குப் போகும். மேலாண்மையில் ஆய்வுக்குச் சேர்ந்தபோது தலைப்புக்காக அலையவில்லை; நாடார் வணிகர்களின் மகமையை எடுத்துக்கொண்டேன். சரக்குக்கு இவ்வளவு என்று உறவின்முறையின், அதாவது ஊரிலுள்ள தங்கள் சமூகச் சங்கத்தின், பொதுநிதிக்கு வியாபாரிகள் கொடுப்பது மகமை. விருதுநகரில் 1889இல் க்ஷத்திரிய வித்யாசாலா எழும்பியது அந்தப் பணத்தில்தான்.

முதல் கட்டுரையில் ஆறு கருதுகோள், நான்கு அட்டவணை, அம்புக்குறி போட்ட ஒரு படம். ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன், திரும்பி வந்தது. மதிப்பிட்டவர் கேட்டிருந்தது ஒன்றுதான்: இது ஏன் நடக்கிறது? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ராபர்ட் சட்டனும் பேரி ஸ்டாவும் 1995இல் எழுதிய கட்டுரையை அதன் பிறகுதான் ஊன்றிப் படித்தேன். மேற்கோள், தரவு, மாறிகளின் பட்டியல், வரைபடம், கருதுகோள் ஆகிய ஐந்தும் கோட்பாடு ஆகாது என்கிறார்கள். என் கட்டுரையில் ஐந்தும் இருந்தன. காரணம் என்று நான் எழுதியிருந்தது 'சமூக ஒற்றுமை'. ஒற்றுமை இருப்பது எப்படித் தெரியும்? மகமை கொடுக்கிறார்கள். ஏன் கொடுக்கிறார்கள்? ஒற்றுமை இருக்கிறது. செக்குமாடு மாதிரி சுற்றியிருக்கிறேன். ஒரு செயலுக்குப் பெயர் வைத்தால் அது விளக்கமாகிவிடாது.

மறுபடி கமிஷன் கடைக்கே போனேன். கோணி ஊசியால் மல்லி மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்: "அண்ணாச்சி, லாபத்துல இத்தனை பங்குன்னு வாங்கியிருக்கலாமே, ஏன் மூட்டைக் கணக்கு?"

ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "லாபம் அவன் வாயால சொன்னாத்தான தாயி தெரியும்? மூட்டை தெருவுல இறங்குது. சுமக்குறவனுக்குத் தெரியும், எதுத்த கடைக்காரனுக்கும் தெரியும்."

நான் தேடிய 'ஏன்' அதில் இருந்தது. ஒவ்வொருவரும் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது; கண்காணிக்கத் தனி ஆள் வேண்டாம், செலவும் இல்லை. பொதுவளங்களைப் பற்றி எலினார் ஆஸ்ட்ரோம் 1990இல் எழுதிய நூலிலும் இதே இழை ஓடுகிறது. ஸ்பெயினில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் இடங்களில், அடுத்த முறைக்காரரே காவல். கண்மாய்ப் பாசனத்தில் வாய்க்கால் கரையில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்று என்னிடம் வரும் ஆய்வு மாணவர்களை, கலைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் காரணத்தை ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன். அதை அந்தத் தொழிலில் இருப்பவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். "ஆமா, அதான்" என்பதைவிட "அப்படி இல்லையே" என்று அவர் இடைமறித்தால்தான் எனக்கு நிம்மதி. அங்கே ஏதோ கிடைக்கப்போகிறது. இன்னொன்றையும் கறாராகக் கேட்கிறேன்: உன் விளக்கம் எங்கே பொய்க்க வேண்டும்? அதைத் தரவு சேகரிக்கும் முன்பே எழுதி வை. எங்கும் பொருந்துகிற விளக்கம் எதையும் விளக்குவதில்லை.

என் விளக்கத்துக்கும் அப்படி ஓர் இடம் எழுதி வைத்திருக்கிறேன். மூட்டை கடைத்தெருவுக்கு வராமல், களத்திலேயே லாரி ஏறி வெளியூர் போகும் சரக்கு. அதை வாங்கும் உறவின்முறை வியாபாரிகளிடம் மகமை தளர வேண்டும். தளராவிட்டால் பெரியவர் சொன்னதற்கு மேலும் ஒரு காரணம் இருக்கிறது, நான் பார்க்கவில்லை. வருகிற மாசியில் பந்தல்குடியில் மல்லி அடிக்கும் களங்களில் நோட்டோடு நிற்கப்போகிறேன்.