அப்டேட்டுக்குப் பிறகு போன் அடம்பிடிக்கிறதா?

பழைய பதிப்பை ஏற்ற மூதூரிலிருந்து திருகோணமலைக் கடைக்கு பஸ் ஏறுமுன் இவற்றைக் கவனியுங்கள்.

1. போனை நிறுத்தி இயக்கி, ஒரு நாள் பொறுங்கள். அப்டேட்டின் மிச்ச வேலை உள்ளே ஓடும்போது சூடாகும், சார்ஜும் இறங்கும்.

2. ஆண்ட்ராய்டு செயலிகள் தாமாக மூடிக்கொண்டால், செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் வெப்வியூவின் அப்டேட்டை மட்டும் நீக்கிப் பாருங்கள். 2021 மார்ச்சில் உலகெங்கும் செயலிகள் முடங்கியது வெப்வியூவின் கோளாறால்தான்.

3. படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் உரையாடல்களைப் பிரதி எடுங்கள். பழைய பதிப்பை ஏற்றினால் பெரும்பாலும் எல்லாம் அழிந்துவிடும்.

4. கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை உறுதிசெய்யுங்கள். அழித்தபின் போன் அதைக் கேட்கும்.

5. சாம்சங்கில் பில்ட் நம்பரின் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். அதே இடத்தில் அதைவிடக் குறைந்த எண்ணுள்ள பதிப்பைப் போன் ஏற்காது.

6. ஐபோன் என்றால் தாமதிக்காதீர்கள். பழைய பதிப்புக்கான அனுமதியை ஆப்பிள் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் நிறுத்திவிடும்.

7. நீங்களே செய்வதென்றால், போனிலும் லாப்டாப்பிலும் சார்ஜ் நிரப்பிக்கொள்ளுங்கள். கரண்ட் போனாலும் வேலை பாதியில் நிற்காது.

8. முடிந்ததும் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அதே பதிப்பு இரவோடிரவாக மறுபடி ஏறிவிடக்கூடும்.