84215045 எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஐயா, எக்ஸ்வி6 இயங்குதளத்தின் ரிஸ்க்-ஃபைவ் பதிப்பில் சிஸ்டம் கால் எழுதிப் பழகுகிறேன். பயனர் நிரலிலிருந்து 50 எண்களைக் கர்னலுக்குள் நகலெடுத்தால் முதல் 24 சரியாக வருகின்றன. 25-லிருந்து எல்லாமே 84215045. ரேம் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றட்டுமா?
- வாசகர், பென்னாகரம், தருமபுரி மாவட்டம்

பதில்: காசை வீணாக்காதீர்கள். ரேம் பழுதானால் இங்கொரு பிட், அங்கொரு பிட் என்று தாறுமாறாகப் புரளும். ஒரே எண்ணை 26 தடவை ஒப்பிக்கிற ரேமை நான் கண்டதில்லை.

அந்த எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதிப் பாருங்கள்: 05 05 05 05. எக்ஸ்வி6-இல் கேஅலாக் (கர்னலுக்கு 4096 பைட் கொண்ட ஒரு 'பக்கம்' நினைவகம் தரும் செயற்கூறு) பக்கத்தைத் தருமுன் ஒவ்வொரு பைட்டிலும் 5 நிரப்புகிறது. வேண்டுமென்றே செய்ததுதான், எழுதாத இடத்தைப் படித்தால் உடனே காட்டிக்கொடுக்கும். ஆக, உங்கள் கர்னல் இடையகத்தில் 24-வது எண்ணுக்கு அப்பால் யாரும் எழுதவே இல்லை.

ஏன் 24-இல் நின்றது? 24 எண்கள் என்றால் 96 பைட். 4096-இல் 96 போக 4000. உங்கள் அணிவரிசை ஒரு பக்கத்தின் 4000-வது பைட்டில் தொடங்கியிருக்க வேண்டும். நிரலைப் பார்க்காமலே சொல்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள். மிச்சம் 104 பைட் அடுத்த பக்கத்தில் கிடக்கிறது. பயனருக்கு அடுத்தடுத்துத் தெரியும் பக்கங்கள் ரேமில் எங்கெங்கோ இருக்கலாம். அதனால் பக்க எல்லையில் நின்று, அடுத்த பக்கத்தின் உண்மை முகவரியை வாக்அட்ர் என்னும் செயற்கூறிடம் கேட்டுவிட்டுத்தான் தொடர வேண்டும். நீங்கள் எல்லையில் சரியாக நின்றிருக்கிறீர்கள், தொடரத்தான் மறந்துவிட்டீர்கள். நிற்காமல் ஓடியிருந்தால் வேறு யாருடைய தரவோ வந்திருக்கும், அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. எக்ஸ்வி6-இல் உள்ள 'காப்பிஇன்' என்னும் செயற்கூறு இதையே வைல் சுற்றில் செய்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என்றாவது 16843009 வந்தால் அது 01 01 01 01: கேஃப்ரீ 1 நிரப்பி விடுவித்துவிட்ட பக்கத்தைப் படிக்கிறீர்கள். லினக்ஸிலும் இந்த வழக்கம் உண்டு. பிழைதேடும் அமைப்பை இயக்கினால் விடுவித்த நினைவகத்தில் 6பி நிரப்பும். எழுத்தாகப் பார்த்தால் வரிசையாக 'கே கே கே'.

திருத்திய பின் எண்களின் எண்ணிக்கையைக் கூட்டிச் சோதியுங்கள், ஆனால் 1024-ஐத் தாண்ட வேண்டாம். ஒரு கேஅலாக்குக்கு ஒரு பக்கம்தான்.