சூடேறினாலும் நகராத பயஸ்

ரேடியோ பவர் ஆம்ப்ளிஃபயரில் சிக்னல் இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்னோட்டத்தை நிர்ணயிப்பது பயஸ். எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் பேசும் கருவியில் இந்த ஓய்வு மின்னோட்டம் குறைந்தால் குரல் கரகரத்து, பக்கத்து அலைவரிசைக்கும் சிதறும். கூடினால் வெப்பமாகவே வீணாகும்.

ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் கருவிகள் வழியாகப் பல ஹாம் ரேடியோக்காரர்களின் கைக்கு வந்த ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட்டை எடுத்துக்கொள்ளலாம். அது திறக்கத் தொடங்கும் கேட் வோல்டேஜ், ஒவ்வொரு துண்டுக்கும் 2 முதல் 4 வோல்ட்டுக்குள் எங்கும் இருக்கலாம். அதனால் ஜோடியாகப் போட்டாலும் இரண்டுக்கும் கேட் வோல்டேஜைத் திருப்பி அமைக்கும் தனித்தனி பிரிசெட் வேண்டும். சூடு ஒரு டிகிரி ஏறினால் அந்த வோல்டேஜ் சுமார் 5 மில்லிவோல்ட் இறங்கும். 50 டிகிரிக்குக் கால் வோல்ட். குளிர்ந்த நிலையில் 100 மில்லிஆம்பியரில் வைத்த ஓய்வு மின்னோட்டம், சில நிமிடம் பேசி முடித்ததும் 150ஐத் தாண்டி நிற்பது இதனால்தான். மாஸ்ஃபெட் சூடானால் தானே அடங்கிவிடும் என்ற நம்பிக்கை பல டிரான்சிஸ்டர்களைப் பலிவாங்கியிருக்கிறது. பல ஆம்பியர் ஓடும்போது மட்டுமே அது உண்மை. ஓய்வு மின்னோட்ட அளவில் நடப்பது நேர்மாறு.

இதற்கு எளிய மருந்து, சூட்டில் மின்தடை குறையும் என்டிசி தெர்மிஸ்டர். பிரிசெட்டுக்கும் தரைக்கும் நடுவே அதை வைத்தால் சூடேற ஏற கேட் வோல்டேஜ் இறங்கும். அளவுக்கு மீறி இறங்கினால், தெர்மிஸ்டருக்கு இணையாக ஒரு ரெசிஸ்டர் போட்டு மட்டுப்படுத்தலாம். சர்க்யூட்டைவிட முக்கியம் தெர்மிஸ்டர் இருக்கும் இடம். ஹீட் சிங்கின் ஓரத்தில் ஒட்டினால் டிரான்சிஸ்டர் கொதித்து வெகுநேரம் கழித்தே அதற்குச் சேதி போகும். டிரான்சிஸ்டரின் பிளாஸ்டிக் முகத்திலேயே வெப்பம் கடத்தும் பசையால் ஒட்டுவது நல்லது. உலோகப் பகுதியில் டிரெயின் இணைந்திருப்பதால் தெர்மிஸ்டர் அதைத் தொடக் கூடாது. தெர்மிஸ்டரின் கம்பிகள் ரேடியோ அலையை வாங்கி பயஸையே ஆட்டிவைக்கும் என்பதால், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் அவற்றின் காலடியிலேயே வேண்டும்.

பைபோலார் டிரான்சிஸ்டரில் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் மாற்றம்தான். ஆனால் பேஸ் மின்னோட்டம் இழுக்கும். அதற்கு டயோடு வழியாக பயஸ் கொடுக்கும்போது, டயோடில் போதுமான மின்னோட்டம் ஓடாவிட்டால் பேச்சின் உச்சத்தில் பயஸ் சரியும்.

மீண்டும் மாஸ்ஃபெட்டுக்கு வந்தால், கேட் பயஸை 5 வோல்ட் ரெகுலேட்டரிலிருந்தே எடுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் பேசும்போதெல்லாம் பேட்டரி வோல்டேஜோடு சேர்ந்து பயஸும் ஆடும். பிரிசெட்டின் தொடுமுனை என்றாவது விலகினால் கேட் அந்தரத்தில் நிற்காமல் பூஜ்ஜியத்துக்கு இறங்க, கேட்டிலிருந்து தரைக்கு ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் அவசியம். இந்தச் சின்ன ரெசிஸ்டரை விட்டுவிடுவது பெரும் பிழை.

அமைக்கும்போது 50 ஓம் டம்மி லோடை இணைத்து, பிரிசெட்டைக் கேட் வோல்டேஜ் மிகக் குறைந்த நிலையில் வைத்துத் தொடங்க வேண்டும். பேசாமல் டிரான்ஸ்மிட் அழுத்தி, மீட்டரைப் பார்த்தபடி ஓய்வு மின்னோட்டம் 100 மில்லிஆம்பியரை எட்டும்வரை மெல்லத் திருப்ப வேண்டும். பிறகு சில நிமிடம் பேசி, சூடு தணிவதற்குள் மறுபடி அளக்க வேண்டும். மறுநாள் காலை குளிர்ந்த நிலையிலும் அதே 100க்கு அருகில் நின்றால், பிரிசெட் நகராதிருக்க அதன் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைக்கலாம்.