பழைய காமிக்ஸ்: மதிப்பிடுதலும் பாதுகாத்தலும்

பழைய புத்தகக் கடை, பழைய பேப்பர் கடை நடத்தும் நமது வணிக நண்பர்கள் எடைக்கு வாங்கும் கட்டுகளில் சில சமயம் பழைய காமிக்ஸ் புத்தகங்களும் வந்து சேரும். அவற்றைத் தராசில் வைக்கும் முன் சற்று நிதானிப்பது நல்லது.

1938-ல் அமெரிக்காவில் 10 சென்ட்டுக்கு விற்றது, சூப்பர்மேன் முதலில் தோன்றிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ். தரத்தில் 10-க்கு 9 புள்ளி பெற்ற பிரதி ஒன்று 2014-ல் 32 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம் ஊர்ச் சரக்குக்கு அத்தகைய விலை கிடையாது. ஆயினும், சிவகாசியில் 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் ஆகியவற்றின் ஆரம்ப இதழ்களைத் தேடி வாங்குவோர் உண்டு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. முதற்பதிப்பா, மறுபதிப்பா? முத்து காமிக்ஸின் முதல் இதழான 'இரும்புக்கை மாயாவி' பின்னாளில் மறுபதிப்பாகவும் வந்தது. அட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், உள்ளே அச்சிட்டுள்ள மாதம், ஆண்டு, விலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

2. முழுமை. பக்கங்களை எண்ண வேண்டும். பின் கழன்று நடுத்தாள் விழுந்திருக்கலாம். போட்டிக் கூப்பன் வெட்டப்பட்டிருக்கலாம்.

3. நிலை. அட்டை மடிப்பு, துருப்பிடித்த பின், வாடகை நூலக முத்திரை, பேனாவால் எழுதிய பெயர் எல்லாமே விலையைக் குறைக்கும். பல இதழ்களைச் சேர்த்து பைண்டு செய்து ஓரம் வெட்டியிருந்தால் மேலும் குறையும்.

4. தேவை. பழையது என்பதாலேயே விலை வராது. கிடைப்பது அரிதாக இருக்க வேண்டும். கேட்பவரும் இருக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

பித்தளைப் பாத்திரத்தைத் துலக்கி வைத்தால் விலை கூடும். காமிக்ஸில் நிலைமை நேர் எதிர். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் அதன் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளில் இறங்கும். லாமினேஷன் செய்தால் பிரிக்க முடியாது. ஓரத்தைச் சீராக வெட்டுதல், அழுக்கை ஈரத்துணியால் துடைத்தல், மங்கிய இடத்தில் வண்ணம் தீட்டுதல் ஆகியவையும் கூடாது. நல்லெண்ணத்தில் செய்யும் இந்த வேலைகளே சரக்கைக் கெடுக்கின்றன.

பாதுகாக்கும் முறை

மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் நாளடைவில் அமிலம் உண்டாகிறது. அதனால் தாள் பழுத்து நொறுங்குகிறது. வெயிலும் வெப்பமும் ஈரமும் இதை விரைவுபடுத்தும். ஒவ்வொரு இதழையும் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில், அமிலமற்ற அட்டை ஒன்றைப் பின்னால் கொடுத்து வைக்கலாம். பி.வி.சி. உறை ஆகாது. பெட்டியில் சாயாமல் நிறுத்தி, தரையிலும் சுவரிலும் படாமல் வைக்கவும். ராமபாணப் பூச்சி வருகிறதா என்று அவ்வப்போது, மழைக்காலத்தில் அவசியம், திறந்து பார்க்கவும்.

விற்கும்போது

குறைகளை வாங்குபவரிடம் முதலிலேயே காட்டி, பில்லிலும் எழுதிக் கொடுங்கள். மறுபதிப்பை முதற்பதிப்பு என்று விற்றால் அன்றைய லாபம் கிடைக்கும்; ஆனால் சேகரிப்பாளர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், ஒருவர் ஏமாந்தால் மற்றவர்களும் வர மாட்டார்கள். அதேபோல், விவரம் அறியாமல் எடைக்குப் போட வந்தவரிடமும் அதன் மதிப்பைச் சொல்லி, நியாயமான விலை கொடுங்கள். அடுத்த கட்டும் நம் கடைக்கே வரும்.