கயிலை யாத்திரை: கொண்டு செல்ல வேண்டியவையும் விட்டுச் செல்ல வேண்டியவையும்

கயிலையே மயிலை, மயிலையே கயிலை என்பது சென்னைப் பகுதியில் வழிவழியாக வழங்கிவரும் மொழி. கபாலீச்சரத்தின் கோபுர நிழலில் அதனைக் கேட்டு வளர்ந்த மந்தைவெளி, மயிலாப்பூர் அன்பர்களுக்கு, அந்த வெள்ளிமலையை வாழ்நாளில் ஒருமுறையேனும் நேரிற் கண்டு வணங்க வேண்டும் என்னும் வேட்கை எழுவது இயல்பே.

இந்திய அரசின் வெளியுறவு அமைச்சகம் 1981ஆம் ஆண்டு முதல் திருக்கயிலாய மானசரோவர் யாத்திரையை நடத்தி வருகிறது. 2020 முதல் 2024 வரை நின்றிருந்த இந்த யாத்திரை, 2025ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு லிபுலேக் கணவாய் வழியாக 50 பேர் கொண்ட 5 குழுக்களுக்கும், நாதுலா கணவாய் வழியாக 50 பேர் கொண்ட 10 குழுக்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. நேபாளத்தின் வழியே தனியார் அமைப்பாளர்களுடன் செல்வோரும் பலர். எவ்வழியே செல்லினும், அவ்வுயரத்திற்கு எவற்றை எடுத்துச் செல்வது என்பதை முன்னரே அறிந்து ஆயத்தமாதல் யாத்திரையின் முதற்கடமை ஆகும்.

உயரமும் உடலும்

மந்தைவெளியின் தெருக்கள் கடல் மட்டத்திற்குச் சில மீட்டர் உயரத்திலேயே உள்ளன. தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரங்களுள் ஒன்றான தொட்டபெட்டா 2,637 மீட்டர். மானசரோவர் ஏரியோ ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. கயிலையை வலம்வரும் பாதை சுமார் 52 கிலோமீட்டர் நீளமுடையது. அதனைப் பொதுவாக மூன்று நாள்களில் நடந்து முடிப்பர். அப்பாதையின் உச்சியாகிய டோல்மா கணவாய் ஏறத்தாழ 5,630 மீட்டர், அதாவது தொட்டபெட்டாவைப் போல் இருமடங்கிற்கும் மேல்.

அங்குக் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. ஆதலால் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் உயிர்வளியும் பாதியாகக் குறைகிறது. ஒவ்வோர் 1,000 மீட்டர் ஏற்றத்திற்கும் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். வெயிலின் புற ஊதாக் கதிர்களோ மிகும். பகலில் முகத்தைச் சுட்டெரிக்கும் வெயிலும், இரவில் நீரை உறையச் செய்யும் குளிரும் ஒரே நாளில் அமையக்கூடிய இடம் அது.

முதலில் கட்ட வேண்டியது நாள்கள்

பைக்குள் வைக்கும் பொருள்களைக் காட்டிலும் முதன்மையானது பயணத்திற்கு ஒதுக்கும் நாள்களின் எண்ணிக்கை. மெல்லிய காற்றுக்கு உடல் பழகக் காலம் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவில் உறங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாதிருத்தலும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்குதலும் மலை மருத்துவம் கூறும் நெறி. லிபுலேக் வழியில் குஞ்சி என்னும் இடத்தில் யாத்திரிகர்கள் தங்க வைக்கப்பட்டு, மீண்டும் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்படுவதன் நோக்கம் இதுவே.

ஊர்தியிலும் ஹெலிகாப்டரிலும் விரைந்து ஏறும் பயணங்களில் இந்த நெறி பிறழ்ந்துவிடுதல் எளிது. சமவெளியிலிருந்து இரண்டு மூன்று நாள்களில் 4,000 மீட்டரை எட்டும் ஒருவருக்குக் கால் நோவதில்லை; ஆனால் நுரையீரலும் மூளையும் பழகியிருப்பதில்லை. எனவே, அமைப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அன்பர் கட்டணத்தைக் கேட்பதற்கு முன், எந்த உயரத்தில் எத்தனை இரவு தங்குகிறோம் என்று கேட்டறிதல் வேண்டும். குறைந்த நாளில் முடியும் பயணம் எப்போதும் நல்ல பயணம் ஆகாது.

வீட்டிலிருந்தே பயிற்சி

புறப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே நடைப்பயிற்சியைத் தொடங்குதல் நன்று. மயிலாப்பூரின் ஏழு சிவாலயங்கள் இதற்கு இயல்பாகவே அமைந்துள்ளன. கபாலீசுவரர், வெள்ளீசுவரர், காரணீசுவரர், விருபாட்சீசுவரர், வாலீசுவரர், மல்லீசுவரர், தீர்த்தபாலீசுவரர் ஆகிய ஏழு சன்னிதிகளையும் ஒரே காலையில் நடந்தே தரிசித்தல் வழிபாடும் ஆகும், பயிற்சியும் ஆகும். மலைக்கு அணியவிருக்கும் காலணியையே வழிநெடுக அணிந்து சென்று கோயில் வாயிலில் கழற்றி வைக்கலாம். தோளில் தொங்கும் பையில் முதலில் 2 கிலோ, பின்னர் 5 கிலோ எனச் சுமையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். திருக்கழுக்குன்றத்தின் படிகளை ஓரிரு முறை ஏறி இறங்கினால் முழங்காலின் வலிமை தெரிந்துவிடும்.

இப்பயிற்சி காலுக்கு வலுவூட்டுமேயன்றி உயரத்திற்குப் பழக்காது. நாள்தோறும் கடற்கரையில் ஓடும் இளைஞரும் அங்குத் தலைவலியால் படுக்கலாம். இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

மருத்துவரிடம் இதயம், நுரையீரல், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. அரசு யாத்திரைக்கு வயது 18 முதல் 70 வரை என்னும் வரம்பும், உடற்பருமன் குறியீடு 25க்கு மிகாதிருத்தல் வேண்டும் என்னும் விதியும் உண்டு. தேர்வில் தவறிவிடுவோமோ என்று அஞ்சி நோயை மறைப்பவர், தம் உயிரோடு உடன்வருவோர் உயிரையும் இடருக்கு உள்ளாக்குகிறார்.

மூன்று பகுதிகள்

கொண்டு செல்லும் பொருள்களை மூன்றாகப் பகுத்தல் எளிய முறை: உடல்மேல் இருப்பவை, தோள்பையில் இருப்பவை, பெரிய பையில் இருப்பவை. பெரிய பை ஊர்தியிலோ விலங்கின் முதுகிலோ முன்னும் பின்னுமாகச் செல்லும். மழை பிடிக்கும் வேளையில் அது கைக்கு எட்டாது. ஆகவே, ஓர் இரவு அந்தப் பை வாராவிடினும் உயிர் காக்கும் பொருள்கள் அனைத்தும் முதல் இரு பகுதிகளில் அடங்க வேண்டும்.

உடல்மேல்: சென்னையில் உற்ற தோழனாகிய பருத்தி ஆடை, அங்கு வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நின்று உடலைக் குளிர்விக்கும். எனவே மூன்று அடுக்காக உடுத்துதல் வேண்டும். உள்ளே வியர்வையை வெளியேற்றும் தெர்மல் உள்ளாடை. நடுவே கம்பளி அல்லது ஃபிளீஸ் மேலாடை. வெளியே காற்றும் மழையும் புகாத மேற்சட்டையும் காற்சட்டையும். ஏறும்போது ஓர் அடுக்கைக் கழற்றுவதும், நின்றவுடன் அணிவதும் பழக்கமாக வேண்டும். மார்கழி பஜனைக்கு அணியும் குரங்குக் குல்லாய் இங்குப் பெரிதும் உதவும். வெயிலுக்கு விளிம்புள்ள தொப்பி, பக்கமும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, இரண்டு இணைக் கையுறைகள், கம்பளிக் காலுறைகள் ஆகியவை தேவை. பனியில் எதிரொளிக்கும் வெயில் கண்ணைத் தற்காலிகமாகக் குருடாக்க வல்லது.

காலணி கணுக்காலைத் தாங்குவதாகவும், தடித்த காலுறை அணிந்த பின்னும் விரல் அசைய இடமுள்ளதாகவும் இருத்தல் வேண்டும். புதுக் காலணியோடு புறப்படுவது கொப்புளத்தை அழைத்துச் செல்வதாகும். வெறுங்காலுடன் வலம்வருவதாக நேர்ந்துகொள்வோர் அந்த வேண்டுதலைத் தம் ஊர்க் கோயிலில் நிறைவேற்றுதல் நலம். உறைந்த கல்லில் விரல்களை இழக்க நேரிடும்.

தோள்பையில்: மழையாடை, மாற்றுக் காலுறை ஓரிணை, ஒரு லிட்டர் வெந்நீர்க் குடுவை, அன்றைய சிற்றுண்டி, அன்றாட மருந்துகள், நெற்றியில் கட்டும் விளக்கு, உதட்டுக் களிம்பு, வெயில் காப்புப் பசை, ஊதல், கடவுச்சீட்டு, பணம், தம் பெயர், இரத்த வகை, நோய், உறவினர் தொலைபேசி எண் ஆகியவை எழுதிய அட்டை. மொத்தச் சுமை 5 கிலோவுக்கு மிகாதிருத்தல் நன்று. கையில் ஓர் ஊன்றுகோல் இருந்தால் இறங்கும்போது முழங்கால் காக்கப்படும்.

பெரிய பையில்: மாற்றுடைகள், கூடுதல் கம்பளி ஆடை, துண்டு, இருப்பு உணவு, இருப்பு மருந்து. அனைத்தையும் பிளாஸ்டிக் உறைகளில் தனித்தனியே கட்டி வைத்தால் மழையில் நனையா. எடை வரம்பை அமைப்பாளரிடம் கேட்டறிந்து, அதற்கும் குறைவாகவே நிரப்புதல் வேண்டும். அரசு மானியத்திற்கு விண்ணப்பிக்க எண்ணுவோர், பயணச் சான்றுகளின் படிகளை வீட்டிலும் ஒரு தொகுதி வைத்துச் செல்வது நன்று.

மருந்துகள்

வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைப் பயண நாள்களுக்கும் மேலாக ஒரு வாரத்திற்கு எடுத்து, இரு பைகளிலும் பிரித்து வைத்தல் வேண்டும். மலைப்பாதையில் நிலச்சரிவு எந்நாளும் நேரலாம். 1998ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மால்பா என்னும் இடத்தில் நிகழ்ந்த பெருஞ்சரிவில் கயிலை யாத்திரிகர்கள் உள்ளிட்ட 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வழி அடைபட்டுத் தங்க நேர்வது அங்குப் புதிதன்று.

இன்சுலின் உறைந்தால் பயனற்றுப் போகும். அதனை மேலாடையின் உள்பையில் உடற்சூட்டில் வைத்திருத்தல் வேண்டும். சர்க்கரை அளக்கும் கருவியும் கடுங்குளிரில் பிழையாகக் காட்டக்கூடும். மலைநோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மருந்து எல்லோர்க்கும் பொருந்துவதன்று. சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதோர் அதனை மருத்துவரிடம் தெரிவித்தே முடிவு செய்தல் வேண்டும். தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சை மந்தமாக்குவதால் அறவே விலக்கத்தக்கவை.

உணவும் பூசைப் பொருளும்

மானசரோவர்க் கரையில் நீர் ஏறத்தாழ 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆதலால் திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் எளிதில் வேகா. வறுத்து இடித்த உணவுகளே அங்குத் துணை. சத்துமாவு, அவல், கடலைமிட்டாய், உலர்ந்த திராட்சை, சுக்கு வெல்லம், பருப்புப் பொடி ஆகியவை கெடாதவை, எடையும் குறைந்தவை. பாட்டிமார் வழிப்பயணத்திற்கென்றே பிடித்துத் தந்த பொருள்விளங்கா உருண்டை இப்பயணத்திற்கும் ஏற்றது. உயரத்தில் பசி மங்கும்; பசியாவிடினும் சிறிது சிறிதாக உண்ணுதல் வேண்டும். விரதம் இருக்க எண்ணுவோர் அதனைப் புறப்படுமுன்னோ திரும்பிய பின்னோ வைத்துக்கொள்வது அறிவுடைமை.

பூசைக்குச் சிறு சம்புடத்தில் திருநீறு, உலர்ந்த வில்வம், உருத்திராக்கம், திருமுறைச் சிறுநூல் ஆகியவை போதும். தீப்பெட்டியும் கர்ப்பூரமும் தீப்பற்றும் பொருள்களாதலால் விமானத்தில் எடுத்துச் செல்ல இயலாது. மூடிய அறையிலும் கூடாரத்திலும் தீ வளர்த்தல் மூச்சுக்கும் உயிருக்கும் கேடு. மானசரோவரில் நீராடுதல் உள்ளூர் விதிகளுக்கு உட்பட்டது. இசைவு இல்லாத இடத்தில் நீரைத் தலையில் தெளித்துக்கொள்வதே போதுமான வழிபாடு. இறுக மூடும் சிறு பாத்திரம் ஒன்று இருந்தால் தீர்த்தம் கொணரலாம். கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொணர்வதும் வழிபாட்டின் ஒரு பகுதியே.

விட்டுச் செல்ல வேண்டியது

தலைவலி, குமட்டல், மயக்கம், மிகுந்த சோர்வு ஆகியவை மலைநோயின் தொடக்கம். இவை தோன்றினால் மேலே ஏறாமல் தங்குதல் வேண்டும். தணியாவிடில் இறங்குதல் வேண்டும். அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், நுரையுடன் இருமல், நேர்கோட்டில் நடக்க இயலாத தள்ளாட்டம், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், இரவே ஆயினும் உடனே கீழே இறக்குதல் வேண்டும். உயிர்வளிக் குப்பி இறங்கும்வரை துணை செய்யும், இறங்குதலுக்கு ஈடாகாது.

இவ்வளவும் அறிந்தவரே சில வேளைகளில் தம் தலைவலியை மறைக்கின்றனர். பல ஆண்டுச் சேமிப்பு, ஊரார் வழியனுப்பிய மாலை, இவ்வளவு அருகில் வந்து திரும்புவதா என்னும் ஏக்கம் ஆகியவை வாயை அடைத்துவிடுகின்றன. பையிலிருந்து முதலில் எடுத்து வைத்துவிட வேண்டிய சுமை இதுவே.

திருநாவுக்கரசர் வரலாறு இங்குச் சிந்திக்கத்தக்கது. கயிலையைக் காண விழைந்து வடதிசை சென்ற அப்பர் பெருமான், பாதம் தேய்ந்தபின் கைகளாலும், கைகள் தேய்ந்தபின் மார்பாலும் ஊர்ந்து, இறுதியில் உருண்டும் சென்றார் எனப் பெரியபுராணம் உரைக்கிறது. இறைவன் முனிவராக எதிர்வந்து, மானிடர்க்கு அது அடைதற்கு அரியது, திரும்புக என்றார். அப்பர் இசையாதது கண்டு அவர்தம் உடலை நலமுறச் செய்து, அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து கயிலைக் காட்சியைக் காணுமாறு அருளினார். மலையை அடையாத அப்பர், தமிழ் மண்ணில் காவிரிக் கரையிலேயே அக்காட்சியைப் பெற்றார். பாதியில் திரும்பிய அடியாரின் அன்பு குறைவுடையது என்று கூற அவ்வரலாறு இடந்தரவில்லை.

ஆகவே, புறப்படும் முன் யாத்திரிகரும் குடும்பத்தாரும் ஒன்றாக அமர்ந்து ஒரு முடிவு செய்துகொள்ளுதல் வேண்டும். உடன்வரும் ஒருவர் இறங்கு என்றால் மறுக்காமல் இறங்குவதாக யாத்திரிகர் சொல்ல வேண்டும். எங்கிருந்து திரும்பினாலும் யாத்திரை முடித்தவராகவே வரவேற்பதாக வீட்டார் சொல்ல வேண்டும். மற்றப் பொருள்களைக் கடையில் வாங்கலாம். இந்த ஓர் உறுதியை வீட்டிலிருந்துதான் எடுத்துச் செல்ல வேண்டும்.